டாங்க், ஹொட், ஷெல்: ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எந்த ஸ்பானியச் சொல்?

திருகோணமலையில் ஒரு விடுதி தன் ஆங்கிலத் துண்டுப்பிரசுரத்தை ஸ்பானியத்துக்கு மாற்றப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் டாங்க் என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. கந்தளாய்க் குளம் ஒரு டாங்க். புறாமலைத் தீவுக்குச் சுழியோடப் போகிறவர் முதுகில் கட்டுவது இன்னொரு டாங்க். சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்தில் எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகள் மூன்றாவது. ஆங்கிலத்தில் ஒரே சொல். ஸ்பானியத்தில் மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பிரசுரம் கெட்டுவிடும்.

அகராதியைத் திறந்ததும் கண்ணில் படுவது தாங்கே. நம்முடைய 'தாங்கி' போலவே ஒலிப்பதால் கை தானாக அதை எடுத்துக்கொள்ளும். எண்ணெய்த் தாங்கிக்கு அது சரி. தாங்கே தே கொம்புஸ்தீப்லே என்றால் எரிபொருள் தாங்கி. தெபோஸிதோ என்றும் சொல்லலாம், ஸ்பெயினில் காரின் பெற்றோல் தாங்கிக்கு அதுதான் வழக்குச் சொல். ஆனால் கந்தளாய்க்கு தாங்கே என்று எழுதினால், ஸ்பெயின்காரர் மனதில் வருவது மூடிய உலோகக் கொள்கலம், அல்லது யுத்த டாங்கி. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் விரிந்து கிடப்பதும், கட்டுக்குக் கீழே வயல்கள் கிடப்பதும் அந்தச் சொல்லில் இல்லை.

கந்தளாய்க்கு மூன்று சொற்கள் போட்டி போடுகின்றன: எம்பால்ஸே, எஸ்தாங்கே, ப்ரேஸா. எஸ்தாங்கே என்பது சின்னது. பூங்காவில் மீன் விட்டு வைத்திருக்கும் தடாகம், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சத் தேக்கிய சிறு குளம். ஊர்க்கோடியில் தாமரை பூத்துக் கிடக்கும் குளத்துக்கு இது பொருந்தும், கந்தளாய்க்குப் பொருந்தாது. ப்ரேஸா என்பது அணை, நம் பேச்சில் குளக்கட்டு. மெக்ஸிக்கோவில் அணையையும் அதில் தேங்கிய நீரையும் சேர்த்து ப்ரேஸா என்பார்கள். ஸ்பெயினில் கட்டு ப்ரேஸா, நீர் எம்பால்ஸே என்று பிரித்துப் பேசுவார்கள். ஆகவே ஸ்பெயின் வாசகருக்கு எம்பால்ஸே தே ரியேகோ, அதாவது பாசனத்துக்கான நீர்த்தேக்கம். 1986இல் கந்தளாயில் உடைந்ததைப் பற்றி ஒரு வரி எழுத நேர்ந்தால் அங்கே ப்ரேஸா வரவேண்டும். உடைந்தது கட்டு. குளமும் கோட்டமும் கட்டியவன் என்று குளக்கோட்டன் பெயரை விளக்கும்போதும் இதே கவனம் வேண்டும்: எம்பால்ஸே ஒன்று, தெம்ப்லோ ஒன்று.

முதுகில் கட்டும் டாங்க்கில் வேறொரு பிரிவு இருக்கிறது. ஸ்பெயின் சுழியோடிகள் பொதேயா என்பார்கள், அதாவது போத்தல். லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் தாங்கே என்பார்கள். இரண்டும் சரியே, யாருக்கு எழுதுகிறோம் என்பதுதான் கேள்வி. இதில் பிழை நடக்கிற இடம் வேறு. ஆங்கிலத்தில் பலர் ஒட்சிசன் டாங்க் என்று சொல்லிப் பழகியிருப்பதால் ஸ்பானியத்திலும் பொதேயா தே ஒக்ஸீஹெனோ என்று எழுதிவிடுகிறார்கள். வழக்கமான 11 லீற்றர் அலுமினியப் போத்தலில் சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்படுவது சாதாரணக் காற்று. தனி ஒட்சிசனை 6 மீற்றருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரலாம் என்பது ஒவ்வொரு சுழியோடிக்கும் பாடத்தில் சொல்லப்படுவது. விலைப்பட்டியலில் அந்தச் சொல்லைப் பார்க்கிற அனுபவசாலி, இந்தக் கடைக்காரருக்குத் தன் தொழில் தெரியுமா என்று யோசிப்பார். பொதேயா தே ஆய்ரே, காற்றுப் போத்தல், என்று எழுதுங்கள். பக்கத்தில் வருகிற வெயிட் என்பதையும் பேஸோ என்று போடாதீர்கள். இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகளை அவர்கள் ப்லோமோஸ் என்பார்கள். பேஸோ என்பது ஒரு பொருளின் எடை, உங்கள் உடல் எடை உட்பட.

உச்சரிப்பு பற்றி ஒரு சொல். இங்கே ஸ்பானியச் சொற்களை லத்தீன் அமெரிக்க ஒலியை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறோம். ஸ்பெயினின் பெரும்பகுதியில் சில 'ஸ்' ஒலிகள் 'த்' போல, நாக்கு நுனியைப் பல்லிடை வைத்து, ஒலிக்கும். எழுத்துக்கூட்டு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

தமிழ் என்ற அரிதட்டு

ஆங்கிலச் சொல்லிலிருந்து நேரே ஸ்பானியத்துக்குப் பாயாமல், நடுவில் ஒருமுறை தமிழில் நின்று பாருங்கள். ஆங்கிலம் ஒரே சொல்லில் கட்டி வைத்திருப்பதைத் தமிழ் பல இடங்களில் பிரித்து வைத்திருக்கிறது. ஸ்பானியமும் கிட்டத்தட்ட அதே இடத்தில் பிரிக்கிறது. நம்மிடம் இருக்கிற இந்த வசதியை ஆங்கில வழியிலேயே ஸ்பானியம் படிப்பதால் பயன்படுத்தாமல் விடுகிறோம்.

ஹொட் என்ற சொல்லை எடுங்கள். தேநீர் சூடு. கறி உறைப்பு. வெளியே வெக்கை. மூன்றும் ஹொட். இலங்கைத் தமிழில் இவற்றை யாரும் குழப்பிக்கொள்வதில்லை, உறைப்பான கறியைச் சூடான கறி என்று சொல்லமாட்டோம். ஸ்பானியமும் அப்படித்தான். சூடு காலியெந்தே, உறைப்பு பிகாந்தே, வெக்கை காலோர். உணவுப் பட்டியலில் நண்டுக் கறிக்குப் பக்கத்தில் காலியெந்தே என்று எழுதினால், ஆறாமல் வரும் என்றுதான் விருந்தாளி விளங்கிக்கொள்வார். முதல் கவளத்திலேயே கண் கலங்கும். பிகாந்தே என்று எழுதி, அதற்கு முன்னே போகோ சேர்த்தால் குறைந்த உறைப்பு, முய் சேர்த்தால் கடும் உறைப்பு. இந்த மூன்று படியும் ஒரு பட்டியலுக்குப் போதும். மெக்ஸிக்கோக்காரர் பிகோஸோ என்றும் சொல்வார்கள், ஆனால் பிகாந்தே எல்லா இடத்திலும் விளங்கும்.

வெக்கையில் இலக்கணமும் மாறும். வானிலைக்கு ஆஸே காலோர், சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'வெக்கை செய்கிறது'. ஆளுக்கு தெங்கோ காலோர், 'எனக்கு வெக்கை இருக்கிறது'. தமிழிலும் 'எனக்கு வெக்கையாய் இருக்கு' என்கிறோமே தவிர 'நான் வெக்கை' என்பதில்லை, இதை நினைவில் வைத்தால் ஸ்பானிய வாக்கியம் தானாக வந்துவிடும். ஆங்கில அமைப்பைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு காலியெந்தே போடவே கூடாது. அது காமத்தில் இருப்பதைக் குறிக்கும். வரவேற்பில் நிற்கிற பிள்ளை விருந்தாளியிடம் 'உங்களுக்கு வெக்கையா, காத்தாடி போடட்டுமா' என்று கேட்க நினைத்து அதைச் சொல்லிவிட்டால் இருவருக்கும் சங்கடம்.

இதே சொல்லோடு சேர்ந்தது குளியலறைக் குழாய். ஸ்பெயினில் வெந்நீர்க் குழாயில் 'சீ' எழுத்து இருக்கும், காலியெந்தேயின் முதலெழுத்து. குளிர்நீர்க் குழாயில் 'எஃப்', ஃப்ரீயா என்பதன் முதலெழுத்து. ஆங்கில வழக்கில் 'சீ' குளிருக்கு. உப்புவெளியில் ஒரு விடுதியின் குழாயில் ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் ஸ்பெயின்காரர் அதை நேர்மாறாகத் திறப்பார். சிவப்பும் நீலமுமாக ஒரு புள்ளி ஒட்டிவிடுவதுதான் நல்லது. எந்த மொழிபெயர்ப்பும் அதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

கன்னியா வெந்நீர் ஊற்றுகளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஹொட் ஸ்பிரிங்ஸ், ஹொட் வெல்ஸ் என இரண்டும் புழங்குகின்றன. ஸ்பிரிங் என்ற சொல்லைத் தனியே அகராதியில் தேடினால் முதலில் வருவது ப்ரிமவேரா, வசந்த காலம். அடுத்தது முவேயே, சுருள்வில். மூன்றாவது மானந்தியால், ஊற்று. தமிழில் வசந்தம், சுருள்வில், ஊற்று என்று எப்போதோ பிரிந்துவிட்டவை. நமக்கு வேண்டியது ஊற்று. ஆனால் வெந்நீர் ஊற்றுக்கு ஸ்பானியத்தில் ஆயத்தமாக ஒரு தொடர் இருக்கிறது: ஆகுவாஸ் தெர்மாலெஸ். மானந்தியால் தே ஆகுவா காலியெந்தே என்பதும் பிழையல்ல. நீளமாக இருக்கும், அவ்வளவுதான். அறிவிப்புப் பலகைக்கு ஆகுவாஸ் தெர்மாலெஸ் தே கன்னியா. விளக்கத்தில் ஏழு கிணறுகளைச் சொல்ல ஸியேதே போஸோஸ். கிணறு போஸோதான். இங்கே ஓர் எச்சரிக்கை: ஆகுவாஸ் தெர்மாலெஸ் என்றதும் ஐரோப்பியர் மனதில் வருவது இறங்கி முங்கிக் கிடக்கிற தடாகம், குளியல் நிலையம். கன்னியாவில் கிணற்றிலிருந்து வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம். சொல் சரியாக இருந்தும் எதிர்பார்ப்பு பிழைக்கலாம். ஆகவே 'வாளியால் குளிக்கலாம்' என்று ஸே பாஞா உனோ கோன் குபோ என ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஷெல் இன்னும் வளமானது. கடற்கரையில் பொறுக்குகிற சிப்பி, முறுக்கிய சங்கு, ஆமை ஓடு, முட்டைக் கோது, தேங்காய்ச் சிரட்டை, பீரங்கிக் குண்டு எல்லாமே ஆங்கிலத்தில் ஷெல். தமிழில் ஆறு சொல். ஸ்பானியத்தில் ஐந்து: சிப்பி கொன்ச்சா, சங்கு காராகோலா, ஆமை ஓடு காபாராஸோன், முட்டைக் கோதும் சிரட்டையும் காஸ்காரா, குண்டு ப்ரோயெக்தில். இலங்கைத் தமிழில் ஷெல் என்றாலே நம் காதில் கடைசிப் பொருள்தான் முதலில் விழும், அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஸ்பானியம் பேசுகிறவருக்கு கொன்ச்சாவில் அந்த நிழல் எதுவும் கிடையாது. ஆனால் வேறொன்று இருக்கிறது. ஸ்பெயினில் அது சிப்பி, ஒரு பெண்பெயரும்கூட. ஆர்ஜென்தீனா, உருகுவாய் பக்கம் பெண்ணுறுப்புக்கான கொச்சைச் சொல். பலகையில் எழுத வேண்டுமென்றால் கொன்ச்சாஸ் மாரீனாஸ், கடற்சிப்பிகள், என்று அடைமொழி சேர்த்து எழுதுங்கள், எவருக்கும் உறுத்தாது. ஆமை ஓட்டில் செய்த சீப்பு, வளையல் போன்றவற்றைப் பற்றி எச்சரிக்க வேண்டுமானால் காபாராஸோன் போதாது. அந்தப் பொருளுக்கு ஸ்பானியத்தில் காரேய் என்று தனிச் சொல் உண்டு, அழுங்காமைக்கும் அதே பெயர்.

சுவருக்கும் இதே கதை. கோட்டை மதில் முராயா, வெளியே நிற்கும் மதிற்சுவர் மூரோ, அறைச் சுவர் பாரேத். பிரெட்ரிக் கோட்டையைப் பற்றி எழுதும்போது பாரேத் வந்தால், அறைக்குள் நிற்கிறோம் என்று பொருள். திறப்பும் எளிது: கதவுத் திறப்பு யாவே, விசைப்பலகையில் அழுத்துவது தேக்லா, வைஃபை கடவுச்சொல் ஸ்பெயினில் கொந்த்ராஸேஞா, லத்தீன் அமெரிக்காவில் கிளாவே என்றும் கேட்பார்கள்.

அரிதட்டில் ஓட்டை இருக்கிற இடங்கள்

எல்லா இடத்திலும் தமிழ் காப்பாற்றாது. ஆங்கிலமும் தமிழும் ஒரே சொல்லில் நிற்க, ஸ்பானியம் மட்டும் பிரிக்கிற இடங்கள்தான் உண்மையில் ஆபத்தானவை. நாம் எச்சரிக்கை அடையவே மாட்டோம்.

முதலாவது மீன். கடலில் நீந்துவதும் மீன், சட்டியில் கொதிப்பதும் மீன். ஸ்பானியத்தில் உயிரோடு நீந்துவது பெஸ், பன்மையில் பெஸெஸ். பிடித்துக் கரைக்கு வந்த கணத்திலிருந்து அது பெஸ்காதோ, சொல்லுக்குச் சொல் 'பிடிக்கப்பட்டது'. புறாமலைப் பவளப்பாறையில் பல நிறப் பெஸ்காதோக்களைப் பார்க்கலாம் என்று எழுதினால், பவளப்பாறைமேல் மீன்கடை விரித்திருப்பது போலாகிவிடும். பட்டியலில் பெஸ் பொரியல் என்று எழுதினால் விளங்கும், ஆனால் தட்டில் உயிருள்ள மீன் துள்ளுவது போல ஒரு உறுத்தல். கேள்வி ஒன்றுதான்: இந்த மீன் வலைக்கு முன்னா, பின்னா?

இரண்டாவது கேட்டல். ஆஸ்க் என்பதற்கு நாம் 'கேள்' என்றே சொல்வோம், விலை கேட்டாலும் தண்ணீர் கேட்டாலும். ஸ்பானியத்தில் ப்ரெகுந்தார், பெதீர் என இரண்டு. கேட்டதற்குக் கிடைப்பது தகவலானால் ப்ரெகுந்தார். பொருளோ உதவியோ ஆனால் பெதீர். விலை கேட்பது ப்ரெகுந்தார் எல் ப்ரேஸியோ. பில் கேட்பது பெதீர் லா குவெந்தா. 'வரவேற்பில் கேட்கவும்' என்ற பலகைக்கு இரண்டு மொழிபெயர்ப்பும் வரலாம்: படகு எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ளவென்றால் ப்ரெகுந்தே, துவாலை வாங்கவென்றால் பீதா. ஆங்கிலப் பலகையை மட்டும் பார்த்து எவராலும் இதைத் தீர்மானிக்க முடியாது. பலகை மாட்டப்போகிற சுவரைப் பார்க்க வேண்டும்.

'தெரியும்' அப்படித்தான். செய்தி தெரிவதும் நீந்தத் தெரிவதும் ஸாபேர். ஆளைத் தெரிவதும் ஊரைத் தெரிவதும் கொனொஸேர். 'திருகோணமலை தெரியுமா' என்று விருந்தாளியைக் கேட்பது கொனொஸே த்ரிங்கோமாலி.

மூலைக்கு வேறு சோதனை. ஸ்பானியம் கோணத்துக்கு உள்ளே நிற்கிறாயா வெளியே நிற்கிறாயா என்று பார்க்கிறது. அறையின் மூலை ரின்கோன். தெரு திரும்புகிற சந்தி எஸ்கீனா. சாவடி எஸ்கீனாவில் இருக்கும், விளக்குமாறு ரின்கோனில் இருக்கும்.

இறால் மட்டும் தனியே நின்று யோசிக்க வேண்டியது, ஏனென்றால் இங்கே பொருள் மட்டுமன்றி நாடும் சேர்ந்து குறுக்கிடுகிறது. ஸ்பெயினில் நடுத்தர இறால் கம்பா, முதல் ஒலி காந்தியில் வருகிற 'கா' போல. அதைவிடப் பெரியது லாங்கொஸ்தீனோ. காமாரோன் என்றால் அங்கே மிகச் சின்னது, நம் கூனி இறால் போன்றது. லத்தீன் அமெரிக்காவில் காமாரோன்தான் இறாலுக்குப் பொதுச்சொல், கம்பா என்று பெரும்பாலும் சொல்வதில்லை. கிண்ணியாப் பக்கமிருந்து வருகிற பெரிய இறாலைக் காமாரோன் என்று எழுதி அதற்குரிய விலையையும் போட்டால், ஸ்பெயின்காரர் கூனி இறாலுக்கா இந்த விலை என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். ஸ்பெயின் வாசகருக்கு லாங்கொஸ்தீனோ. இரு பக்கத்தாரும் வருவார்கள் என்றால் லாங்கொஸ்தீனோஸ் என்று தலைப்பில் எழுதி, விளக்கத்தில் காமாரோனெஸ் கிராந்தெஸ், பெரிய இறால், என்று சேர்க்கலாம். கணவாய்க்கும் கவனம் வேண்டும்: நீண்டு ஒல்லியானது காலாமார், அகன்று உள்ளே வெள்ளை ஓடு உள்ளது ஸேபியா. தமிழில் இரண்டையும் கணவாய் என்றே பலர் சொல்வதால், சமையலறையில் எது இருக்கிறது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நெல், அரிசி, சோறு மூன்றுக்கும் ஸ்பானியத்தில் ஆர்ரோஸ் ஒன்றே. அங்கே கவலையே வேண்டாம். கட்டுமரம் மட்டும் ஒரு பொறி. அந்தத் தமிழ்ச்சொல்தான் ஐரோப்பா சுற்றிப்போய் காதாமாரான் ஆனது. ஆனால் இன்று ஸ்பானியத்தில் அது இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு அல்லது அதே வடிவ விரைவுப் படகு. மரங்களைக் கட்டிச் செய்த நம் கட்டுமரத்தை அப்படி எழுதினால் சொகுசுப் படகு என்று நினைப்பார்கள். பால்ஸா தே த்ரோங்கோஸ், மரத்தண்டு மிதவை, என்று விளக்குங்கள். திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகிற இயந்திரப் படகு லான்ச்சா. சின்ன மீன்பிடி வள்ளம் பார்கா. துறைமுகத்தில் நிற்கிற பெரிய கப்பல் பார்கோ, கடற்படைக் கப்பல் பூகே. அந்தத் திமிங்கிலத்திலும் ஒரு வேறுபாடு: நீலத் திமிங்கிலம் பாயேனா அஸூல், ஆனால் பல்லுள்ள பெருந்தலைத் திமிங்கிலத்துக்கு காச்சாலோதே என்ற தனிப்பெயர்தான் உண்டு.

ஒரே எழுத்தில் பாதை மாறும்

ஓட்டோக்காரருக்கும் வழி சொல்கிறவருக்கும் இது. ரைட் என்பதற்கு ஸ்பானியத்தில் வலது தெரேச்சா. நேரே என்பதற்குப் பல நாடுகளில் தெரேச்சோ. கடைசி உயிர் மட்டும்தான் வேறு. கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசல் வழியாக நேரே போகச் சொல்ல நினைத்து 'ஆ'வில் முடித்தால் அவர் வலப்பக்கம் திரும்பிவிடுவார். தெரேச்சோ என்பதை நேர் என்ற பொருளில் பயன்படுத்தவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தோதோ ரெக்தோ என்றால் 'முழுக்க நேரே', அதைக் குழப்ப வழியில்லை. வலதுக்கு ஆ லா தெரேச்சா, இடதுக்கு ஆ லா இஸ்கியெர்தா. கையையும் காட்டுங்கள்.

பணப் பக்கம் சுருக்கமாக. சாப்பாட்டு பில் குவெந்தா. நிறுவனப் பெயர், வரி இலக்கம் எல்லாம் போட்டுக் கேட்கிற பற்றுச்சீட்டு ஃபாக்தூரா. ஸ்பெயினிலிருந்து வேலை நிமித்தம் வருகிறவர் அதைத்தான் கேட்பார், அப்போது குவெந்தாவை நீட்டினால் திரும்பி வருவார். மாதாந்த மின்சார பில் ரெஸீபோ. நுழைவுச்சீட்டு என்த்ராதா, பயணச்சீட்டு ஸ்பெயினில் பியேதே, லத்தீன் அமெரிக்காவில் பொலேதோ. காசுத்தாளும் பியேதேதான். போக்குவரத்துப் பொலிஸ் எழுதுகிற ரிக்கற் முல்தா.

எதை நம்புவது

சொல்லைத் தேட நாலு வழி இருக்கிறது: இருமொழி அகராதி, ஸ்பானியத்துக்கு ஸ்பானிய அகராதி, இயந்திர மொழிபெயர்ப்பு, படத் தேடல். ஒன்று மட்டும் போதாது. ஜெட்டி என்ற சொல்லை, அதாவது புறாமலைக்குப் படகு ஏறுகிற இடத்தை, வைத்துக் காட்டுகிறோம்.

முதலில் தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: 'சின்னப் படகில் ஆட்கள் ஏறி இறங்குகிற துறை'. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள், ஏனென்றால் அலையைத் தடுக்கக் கல் அடுக்கிக் கடலுக்குள் நீட்டுவதையும் ஆங்கிலத்தில் ஜெட்டி என்பார்கள். இப்போது இருமொழி அகராதி முவேயே, எம்பார்காதேரோ, எஸ்பிகோன், மாலேகோன் என்று நான்கு தரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாய்வெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். பலர் அதைப் படிப்பதில்லை, முதல் சொல்லை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். முதலில் இருப்பது அதிகம் புழங்குவது, நமக்குப் பொருந்துவது என்று அர்த்தமில்லை.

அடுத்து நான்கையும் ஸ்பானிய அகராதியில் பாருங்கள். 1713இல் தொடங்கிய ரியல் அகாதெமியா எஸ்பஞோலா என்ற ஸ்பானிய அரச மொழிக் கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசம். ஒரு நாட்டில் மட்டும் புழங்குகிற பொருளுக்கு முன்னால் அந்த நாட்டின் பெயர்ச்சுருக்கம் இருக்கும். ஸ்பானியம் 20 நாடுகளில் அரசு மொழி என்பதால் இந்தச் சுருக்கம் பொருளைவிட முக்கியமாகச் சில வேளை இருக்கும். அங்கே பார்த்தால்: முவேயே கப்பல் அணைகிற கட்டு, கூடவே நாம் முன்னே கண்ட சுருள்வில், எஸ்பிகோன் அலைதடுப்பு, மாலேகோன் கரீபியன் பக்கம் கடலோர நடைபாதை, எம்பார்காதேரோ ஆட்கள் ஏறி இறங்குகிற துறை. தமிழ் வரியோடு பொருந்துவது கடைசிச் சொல். உள்துறைமுகத்தில் பெரிய கப்பல் அணையும் இடத்தைச் சொல்ல முவேயே.

பிறகு எதிர்த்திசையில் தேடுங்கள். எம்பார்காதேரோவை ஆங்கிலத்துக்குத் திருப்பினால் கிடைக்கிற சொற்களில் நம் பொருள் இருக்கிறதா? கடைசியாகப் படத் தேடல். சொல்லைத் தனியே போடாமல் பக்கச்சொல்லோடு போடுங்கள். முவேயே என்று மட்டும் தேடினால் சுருள்வில்லும் வரும். எம்பார்காதேரோ தே லான்ச்சாஸ் என்று தேடினால், மரப்பலகைத் துறையில் சின்னப் படகுகள் கட்டிக் கிடக்கிற படங்கள் வரவேண்டும். வந்தால் முடிந்தது.

இயந்திர மொழிபெயர்ப்பை ஒதுக்கத் தேவையில்லை, ஆனால் ஒற்றைச் சொல்லைக் கொடுக்காதீர்கள். டாங்க் என்று மட்டும் கொடுத்தால் அது எதை ஊகிப்பது? முழு வாக்கியமும், அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாக்கியமும் கொடுங்கள். உணவுப் பட்டியல்தான் அதற்கு மிகக் கடினம், ஏனென்றால் அங்கே வாக்கியமே இல்லை. பட்டியலைக் கையாலேயே செய்யுங்கள்.

ஸ்பானியம் பேசுகிற விருந்தாளி தங்கியிருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. ஆனால் கேட்கிற முறை இருக்கிறது. எழுதியதைக் காட்டி 'இது சரியா' என்று கேட்டால், மரியாதைக்காக 'விளங்குது' என்பார். விளங்குவது வேறு, சரியாக இருப்பது வேறு. பொருளின் படத்தைக் காட்டி கோமோ ஸே யாமா எஸ்தோ, 'இதுக்கு என்ன பேர்' என்று கேளுங்கள். ஆங்கிலச் சொல்லைச் சொல்லவே வேண்டாம், சொன்னால் அவரும் அதைத்தான் மொழிபெயர்ப்பார். எந்த நாட்டவர் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த நாட்டு வழக்கைத் தெரிவு செய்வது என்று தயங்குகிறவர்களுக்கு: உப்புவெளி, நிலாவெளிக் கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டெம்பர் வரை, ஸ்பெயின்காரர் நீண்ட விடுமுறை எடுப்பது ஓகஸ்டில். இரண்டும் ஒன்றுகூடுகின்றன. ஆகவே ஸ்பெயின் வழக்கை அடித்தளமாக வைத்துக்கொள்வதே பொருத்தம்: உருளைக்கிழங்கு பாபா அல்ல பதாதா, பழச்சாறு ஹூகோ அல்ல ஸூமோ. ஒரே ஒரு விதிவிலக்கு 'எடு' என்பதற்கு அவர்கள் சொல்கிற கொஹேர். ஸ்பெயினில் பஸ் எடுப்பதற்கும் துவாலை எடுப்பதற்கும் சாதாரணச் சொல்; மெக்ஸிக்கோவிலும் ஆர்ஜென்தீனாவிலும் உடலுறவைக் குறிக்கும் கொச்சை. தொமார் எல்லா இடத்திலும் பழுதில்லை. 'சிப்பி, பவளம் எடுத்துச் செல்லாதீர்' என்பதற்கு நோ ஸே யேவே, படம் எடுப்பதற்கு ஸாகார்.

அச்சுக்குக் கொடுக்கும்போது இன்னும் ஒன்று. ஸ்பானியத்தில் 'ஞ' ஒலிக்கு, 'என்' (N) எழுத்தின் தலையில் ஒரு நெளிகோடு உண்டு. ஆண்டு என்பதற்கான ஆஞோவில் அந்தக் கோடு விழுந்துபோனால் சொல் ஆனோ ஆகிவிடும், அது மலவாய். புத்தாண்டு வாழ்த்துப் பதாகையில் இது நேர்ந்தால் திருத்த முடியாது. கணினியில் சரியாக இருந்தும், வெட்டு ஸ்டிக்கர் இயந்திரத்தில் அந்தக் கோடு மெல்லியதாக இருப்பதால் உரிந்து போகும். பதாகைக்குத் தடித்த எழுத்துருவைத் தெரிவு செய்யுங்கள், ஒட்டுவதற்கு முன் பதாகையைத் தரையில் விரித்து ஒவ்வொரு 'என்' எழுத்தின் தலையையும் விரலால் தொட்டுப் பாருங்கள்.